பார்ட்னரை நைசா கழட்டிவிடுவது எப்படி

இந்த வருஷம் எங்க சிசி, அதான் சமூக மன்றம், நடத்துற ஜோடிச் சீட்டுப் போட்டியில கப்பு எனக்குத்தான்னு முடிவு பண்ணியிருந்தேன். கப்புக்கு மட்டும் விஷயம் தெரியாம இருந்துச்சு.

சீட்டாட்டம்னதும் முகத்தைச் சுளிக்காதீங்க. இதுல காசு கிடையாது. ஜோடிக்குள்ள சண்டை கிடையாது. (ரூல்ஸ்படி கிடையாது.) கார்டை வெளிப்பக்கம் திருப்பிப் பிடிக்கணும். என் கையில என்ன இருக்குன்னு என் பார்ட்னருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவ "இது சிவப்பு", "இது மூணு"ன்னு க்ளூ கொடுப்பா. அதை வச்சு அஞ்சு கலரையும் தனித்தனியா ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் அடுக்கணும். இருபத்தஞ்சு கார்டும் அடுக்கினா ஃபுல் மார்க்.

எனக்கு இதுல வெறி. எம்ஆர்டி ரயில்ல ஸ்ட்ராடஜி வீடியோ, ஆபீஸ் டாய்லெட்ல ஸ்ட்ராடஜி வீடியோ. இதைக்கூட மீட்டிங் நடுவுலதான் டைப் பண்றேன். எனக்கு ஒரே ஒரு வீக்னஸ். என் மனைவி மர்யம். அவதான் என் பார்ட்னர்.

"மர்யம், நான் சிவப்புன்னு சொன்னா என்ன அர்த்தம்?"

"சிவப்புன்னு அர்த்தம்."

"ஐயோ, அது பிகினர் லெவல்! ஒருத்தர் என்ன சொல்றார்னு பாக்காத. இப்போ எதுக்கு அதைச் சொல்றார்னு பாரு. அதுதான் ஸ்ட்ராடஜி."

"சரி மச்சான். எதுக்குச் சொன்னீங்க?"

"அந்தக் கார்டைப் போடச் சொன்னேன்!"

"போடுன்னே சொல்லியிருக்கலாம்ல."

"ரூல்ஸ்ல இல்ல!"

"இப்படிக் கத்துறது ரூல்ஸ்ல இருக்கா?"

அன்னைக்கு ஸ்கோர் பத்தொம்பது. வந்த பத்தொம்பதும் என்னால. குறைஞ்ச ஆறும் அவளால.

தேக்கா மார்க்கெட்ல தே தாரேக் டீ குடிச்சுக்கிட்டே ஆபீஸ் ஃப்ரெண்ட் ரியாஸ்கிட்ட புலம்பினேன். அவனும் அதே போட்டிக்கு அவன் மனைவி ஆஸ்மாவோட பேர் கொடுத்திருந்தான். அவனும் புலம்பினான். ரெண்டு மேதைங்க ஒரே மேஜையில உக்காந்தா என்ன ஆகும்?

"அர்ஃபான், நாம ரெண்டு பேரும் ஒரு டீமா ஆடினா?"

"போட்டி ஆரம்பிக்கிற வரைக்கும் ஜோடி மாத்தலாமாம். ஆனா நாம விலகச் சொல்லக் கூடாது. அவங்களே விலகணும்."

சாயங்காலமே வேலையை ஆரம்பிச்சேன்.

"மர்யம், உம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு?"

வெங்காயம் நறுக்கிக்கிட்டிருந்தவ நிறுத்தினா. "யாரோட உம்மாவுக்கு?"

"உன் உம்மாவுக்குத்தான். பாவம், பூன் லேயில தனியா இருக்காங்க. சனிக்கிழமை போய் பாத்துட்டு வாயேன்."

"சனிக்கிழமை போட்டியாச்சே?"

"போட்டி பெருசா, உம்மா பெருசா?"

அவ என்னையே பாத்தா. கண்ணு கலங்கியிருந்துச்சு. காரணம் வெங்காயம்னு அப்போ எனக்குத் தோணல.

"உங்க மனசு யாருக்கு வரும் மச்சான். போயிட்டு வரேன்."

ரியாஸுக்கு மெசேஜ் போட்டேன். அவன் வீட்டுலயும் சக்சஸ். ஆஸ்மா அவ அக்கா வீட்டுக்குப் போறாளாம்.

சனிக்கிழமை சிசி ஹால். நானும் ரியாஸும் ராஜா மாதிரி உக்காந்தோம். பக்கத்து டேபிள்ல ரெண்டு பேர் வந்து உக்காந்தாங்க. மர்யம். ஆஸ்மா.

"நீ... உம்மா வீட்டுக்கு?"

"போனேனே. கூட்டிட்டு வந்துட்டேன். மூணாவது வரிசை. கையாட்டுங்க."

கையாட்டினேன். மாமி கச்சான் கடலை தின்னுக்கிட்டே பதிலுக்கு ஆட்டினாங்க.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கல்யாணம் ஆனதுலேருந்து எங்க உம்மா முட்டிய நீங்க விசாரிச்சதே இல்ல. எதுக்குச் சொல்றார்னு பாருன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க? ஆஸ்மாவுக்கு போன் போட்டேன். அங்கே ரியாஸ் நானாவும் அவ அக்காவோட சுகரை விசாரிச்சுக்கிட்டிருந்தாராம்."

ரியாஸ் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டினான். அவன் போட்டிருந்தது செருப்பு.

ஆட்டம் ஆரம்பிச்சுது. நான் "நீலம்"னேன். என் வீடியோவுல அதுக்கு 'போடு'ன்னு அர்த்தம். அவன் வீடியோவுல 'தூக்கிப்போடு'ன்னு அர்த்தமாம். இருந்ததே ஒரே ஒரு நீல அஞ்சு. குப்பைக்குப் போச்சு.

"டேய்! எந்த மடையன் வீடியோ பாத்தே?"

"நீ அனுப்பின வீடியோதான்டா!"

எங்க ஸ்கோர் ஒம்பது. அதுல நாலு, கை தவறி சரியா விழுந்தது. பக்கத்து டேபிள்ல சத்தமே இல்ல. ஒருத்தி சொல்றா, ஒருத்தி போடுறா. இருபத்திநாலு. மாமி எழுந்து நின்னு விசிலடிச்சாங்க. முட்டி நல்லாத்தான் இருக்கு.

பஸ்ல வரும்போது கப்பு மர்யம் மடியில. நான் தொண்டையைச் செருமினேன்.

"மர்யம்... அடுத்த வருஷம் உங்க டீம்ல எனக்கு ஒரு இடம்... ரிசர்வா இருந்தாக்கூடப் பரவாயில்ல."

"ஒரே ஒரு ரிசர்வ் இடம்தான் மச்சான். நீங்க டாய்லெட் போன நேரத்துல ரியாஸ் நானா கெஞ்சி வாங்கிட்டார்."