அரைக் குதிரைவலு

உலகத்தின் முதலாம் நாடு இன்னமும் முதலாம் இடத்தில்தான் இருக்கிறதா என்ற மாபெரும் கேள்விக்கான விடை, ஒட்டுசுட்டானுக்கு உட்பக்கத்துக் குடியேற்றம் ஒன்றில், தண்ணீர் இல்லாத ஒரு தண்ணீர்த் தாங்கியின் அடியில் கண்டுபிடிக்கப்பட்டது. வரலாற்றாசிரியர்கள் இதை எங்கும் குறிப்பிடாதது அவர்களுடைய குறை.

தாங்கியைக் கட்டித் தந்தது முதலாம் நாடு. அதன் நெற்றியில் 'மக்களின் அன்பளிப்பு' என்ற பலகை இருந்தது. தண்ணீர் ஏற்றும் மோட்டர் எரிந்து ஒரு வருடமாகிறது. பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊர்ப் பெண்கள் சைக்கிளில் கலன் கட்டிக்கொண்டு காட்டோரக் குழாய்க்கிணற்றுக்குப் போனார்கள். அது யானைகளின் பாதையும்கூட. போன மாதம் ஒரு யானை, மாதர் சங்கத் தலைவி அமராவதியைத் துரத்தியது. தலைவி தப்பினாள். கலன் தட்டையானது.

வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கியதும், முதலாம் நாட்டின் கள அலுவலர் ஜெயந்தனுக்குப் போன் எடுத்தாள்.

"மோட்டர் எங்கட திட்டத்துக்க வராதக்கா," என்றான் அவன். "தாங்கியில இருக்கிற பலகை, அந்தப் போட், எப்பிடி இருக்கு?"

"அது நல்ல சுகமா இருக்குது தம்பி."

பிறகொரு நாள் இரண்டாம் நாட்டின் வாகனம் ஒன்று வழி தவறி ஊருக்குள் வந்தது. இறங்கியவர்கள் நாயாற்றுக்குப் பாதை கேட்டார்கள். தாங்கியின் நிழலில் நின்று பிஸ்கட் சாப்பிட்டார்கள். போய்விட்டார்கள். இதனால் உலக ஒழுங்கு ஆட்டம் காணவில்லை. அமராவதிதான் அதைப் பிடித்து ஆட்டினாள்.

"தம்பி, இரண்டாம் நாட்டுக்காரர் வந்து தாங்கியைச் சுத்திப் பாத்தவை. புது மோட்டர் தாறம் எண்டவை. போட் எவ்வளவு அகலமெண்டும் கேட்டவை."

ஒரு வருடமாக வராத முதலாம் நாடு மறுநாள் காலை மூன்று வாகனங்களில் வந்தது. நடு வாகனத்திலிருந்து ஒரு நிபுணர் இறங்கினார். 'செல்வாக்கு இடர் மதிப்பீடு' அவருடைய துறை. தாங்கியடியில் அவருக்குக் கதிரை போடப்பட்டது. ஊர் கூடியது. ஜெயந்தன் மொழிபெயர்த்தான்.

"அவை எங்க போகினம் எண்டு சொன்னவையோ எண்டு கேக்கிறார்."

"நாயாற்றுக்கு."

நிபுணரின் முகம் கறுத்தது. நாயாற்றுக்கு அப்பால் கடல். கடலுக்கு அப்பால் உலகம்.

"அவை தாறம் எண்ட மோட்டர் எத்தினை குதிரைவலுவாம்?"

அமராவதி கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு."

"எங்கட மோட்டர்?"

"ஒண்டரை."

வல்லரசுகளின் போட்டி அரைக் குதிரைவலுவில் வந்து நின்றது. கொழும்பிலிருந்து மூன்று குதிரைவலு மோட்டர் ஒன்று வர எத்தனை நாள் எடுக்கும் என்று நிபுணர் மெல்லக் கேட்டார். அமராவதிக்குக் குழாயில் தண்ணீர் விழும் சத்தமே கேட்டுவிட்டது.

அப்போதுதான் கதிர்காமநாதன் எழுந்தார். ஊரில் உலக அரசியல் அவருடைய பொறுப்பு. கைபேசியில் காணொளி பார்த்துப் பார்த்தே அடைந்த பதவி அது.

"ஐயா பயப்பிடத் தேவையில்லை," என்றார். "அவங்கட கப்பலும் துறைமுகமும் சும்மா கதை. காசெண்டா உங்கட காசு. படையெண்டா உங்கட படை. இன்னும் அம்பது வருசத்துக்கு உங்களை ஒருத்தரும் அசைக்கேலாது."

"அண்ணை, நீங்கள் கொஞ்சம் இருங்கோ," என்றாள் அமராவதி.

"உண்மையைச் சொல்லத்தானே வேணும், பிள்ளை. அவங்கள் மோட்டரைப் பற்றிக் கதைக்கவே இல்லை. நான்தானே பாதை காட்டினனான். எனக்கும் பிஸ்கட் தந்தவங்கள்."

ஜெயந்தன் மொழிபெயர்த்து முடித்ததும் நிபுணர் எழுந்து கதிர்காமநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு தெளிந்த அறிவைத் தலைநகரங்களில்கூடக் கண்டதில்லையாம். மதிப்பீடு அந்த இடத்திலேயே எழுதப்பட்டு வாசிக்கப்பட்டது: 'முதலாம் நாட்டின் நிலைக்கு இப்பகுதியில் எவ்வித ஆபத்தும் இல்லை.' எல்லோரும் கைதட்டினார்கள். கதிர்காமநாதன் சற்று நேரம் கூடுதலாகத் தட்டினார்.

"அப்ப மோட்டர், தம்பி?"

"ஆபத்து இல்லையாமே அக்கா. ஆபத்து இருந்தாத்தான் மோட்டர்."

வெற்றி மகிழ்ச்சியில் நிபுணர் பலகையோடு நின்று படம் எடுக்க விரும்பினார். பலகை முழுக்கக் காக எச்சம். ஜெயந்தன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அக்கா, போட்டைக் கழுவ ஒரு வாளி தண்ணி தாங்கோவன்."

அமராவதி சைக்கிளை உருட்டிவந்து, கலனோடு நிபுணருக்கு முன்னால் நிறுத்தினாள். காட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"நேர போகச் சொல்லு தம்பி. வழியில யானை நிண்டாலும் ஐயா பயப்பிடத் தேவையில்லை. அது தண்ணி இல்லாத சனத்தைத்தான் துரத்தும். அவருக்குத்தான் ஒரு ஆபத்தும் இல்லையே."