மூலகாரணர் வீட்டு வைஃபை

"காரணம் தெரியாம நான் எதையும் சரிபண்ணினதில்ல, காரணம் தெரிஞ்சப்புறம் அதைச் சொல்லாம விட்டதும் இல்ல!"

பல் மருத்துவரின் வரவேற்பறையில், ஒரு பக்கக் கன்னம் பன்னாக வீங்கியிருந்த நிலையிலும், இப்படி முழங்கினார் ஒருவர். வரவேற்பு மேசையில் இருந்த பெண் செய்த குற்றம் இவ்வளவுதான்: நின்றுபோன கணினியை அணைத்து, மறுபடி போட்டாள். அது ஓட ஆரம்பித்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இவர் பதறிப்போனார். "அடடா, ஏன் நின்னுச்சுன்னு இனிமே எப்படிம்மா தெரியும்? தடயத்தையெல்லாம் அழிச்சிட்டியே!" என்று, கொலை நடந்த வீட்டை அவள் கழுவிவிட்டாற்போல் கடிந்துகொண்டார். அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். நாற்காலியில் சாய்ந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி: "சொத்தைக்கு மூலகாரணம் என்ன டாக்டர்?"

"முதல்ல பேசாம வாயைத் திறங்க," என்றார் டாக்டர்.

வாசகரே, இந்த இனத்துக்கு மூலகாரணர் என்று பெயர். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஒருவர், அலுவலகத்துக்கு இருவர், உறவுக்கூட்டத்தில் எப்படியும் ஒருவர் என்று இவர்கள் சீராகப் பரவியிருக்கிறார்கள். வேலை எதுவாகவும் இருக்கலாம். நம்மவர் பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறார். அங்கே கணினியின் பின்னணிப் படத்தைக்கூட அவரால் மாற்ற முடியாது. கணினிப் பிரிவினர் அவர் ஒருவரை உத்தேசித்தே ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அணைகட்டித் தேக்கிய அந்தத் திறமையெல்லாம் மாலையில் எங்கே போய்ப் பாயும்? சொந்தபந்தங்கள்மேல்தான்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். உங்கள் கணினி மக்கர் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மனிதன் "என்ன ஆச்சு?" என்பான். மூலகாரணர் கண்ணை இடுக்கிக்கொண்டு, "நீங்க எதை மாத்தினீங்க?" என்பார். ஒன்றையும் தொடவில்லை என்று நீங்கள் தலையிலடித்துச் சத்தியம் செய்யலாம். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க," என்று ஒரு புன்னகை வரும். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படம், பொத்தான், நிறம் என்று மனிதன் பார்த்துப் பழகிய எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, கறுப்புத் திரை ஒன்றைத் திறப்பார். வெள்ளை எழுத்துகள் அதில் மளமளவென்று இறங்கும். அவர் "ம்" என்பார். கொஞ்சம் பொறுத்து "ம்ம்" என்பார். அப்புறம் ஒரு "ஓஹோ" வரும். அது வந்துவிட்டதா? உங்கள் பழைய கணினிக்கு விடைகொடுத்துவிடுங்கள்.

தெருமுனை மருந்துக்கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். பிரிண்டர் காகிதத்தை இழுக்கவில்லை என்றுதான் அவர் சொன்னார், பாவம். காகிதத்தில் குற்றமில்லை, பிரிண்டரில் குற்றமில்லை, கணினியின் இயங்குதளமே அடிப்படையில் கோளாறு என்று கண்டுபிடித்து, அதை வழித்தெறிந்துவிட்டு, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தார் நம்மவர். இப்போது பிரிண்டர் காகிதத்தை இழுக்கிறது. அதில் ஏதாவது அச்சடிக்குமா என்பது அன்றைய தினத்தைப் பொறுத்தது. கணினியில் சத்தம் வருவதும் நின்றுவிட்டது. "மருந்துக்கடையில எதுக்குங்க சத்தம்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து நம்மவர் தலை தெருவில் தெரிந்தால் கடைக்காரர் இருமல் மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார். "வியாபாரத்துல கவனமே இல்ல இந்த மனுஷனுக்கு, கடையில ஆளே இருக்கறதில்ல," என்று நம்மவர் வீட்டில் வந்து வருத்தப்படுகிறார்.

லினக்ஸ்மேல் நமக்கு ஒரு வருத்தமும் இல்லை. காசு கேட்காது, வேவு பார்க்காது, தொட்டதற்கெல்லாம் விளம்பரம் காட்டாது. எத்தனையோ பெரிய இயந்திரங்கள் அதன் தயவில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. மருந்தில் குறையில்லை, ஐயா. மருத்துவர்தான்.

அப்பேர்ப்பட்ட மருத்துவர் கையில்தான் மைத்துனியின் மடிக்கணினி வந்து சிக்கியது.

மைத்துனி கட்டட வரைபடங்கள் வரைகிறவள். வேலை பார்த்த நிறுவனத்தை இழுத்து மூடியதிலிருந்து வீட்டில் இருக்கிறாள். விண்ணப்பம் போட்டுப் போட்டு விரல் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் வெளியூர் நிறுவனம் ஒன்று சனிக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் நேர்காணல் என்று சொல்லியிருந்தது. வரைந்ததையெல்லாம் திரையில் காட்டி விளக்க வேண்டும். தன் வீட்டில் குழந்தைகள் கூச்சல், மாமியாரின் டிவி. அக்கா வீடுதான் அமைதி என்று அவள் நினைத்தாள். மனிதர்கள் எப்படியெல்லாம் ஏமாறுகிறார்கள், பாருங்கள்.

"லேப்டாப் கொஞ்சம் மெதுவா இருக்கு அத்தான்," என்று வாய்தவறிச் சொல்லி, வாரக் கடைசிக்குள் தந்துவிடுவதாக அவர் சொன்னதை நம்பி, முன்னதாகவே அதைக் கொடுத்தும் விட்டிருந்தாள். அவள் வரைபடங்களை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, மூலகாரணர் லினக்ஸை ஏற்றினார். அதோடு நின்றாரா? உள்ளே இருந்த வைஃபை கார்டைச் செய்த நிறுவனம் தன் ரகசியங்களை உலகத்தோடு பகிர்ந்துகொள்வதில்லை என்று கேள்விப்பட்டு, திருப்புளியால் முதுகைத் திறந்து, அந்தக் கார்டைப் பிடுங்கிவிட்டு, கொள்கைப்பிடிப்புள்ள வேறொரு கார்டை மாட்டினார். மூடினார். திரையில் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களெல்லாம் வரிசையாகத் தெரிந்தன. "பாத்தியா? எல்லாரையும் தெரியுது," என்று மனைவியிடம் காட்டிவிட்டு, வெற்றிகரமாக மூடி வைத்தார்.

எல்லாரையும் தெரிவது வேறு, யாராவது உள்ளே விடுவது வேறு என்பது சனிக்கிழமை காலையில்தான் தெரிந்தது.

மைத்துனி இஸ்திரி போட்ட புடவையில் வந்து உட்கார்ந்து, வீட்டு வைஃபையைத் தட்டினாள். கடவுச்சொல் கேட்டது. அவருடைய கடவுச்சொல் சாமான்யமானது அல்ல; மூச்சு வாங்காமல் சொல்லி முடிக்க நல்ல நுரையீரல் வேண்டும். அடித்தாள். கொஞ்ச நேரம் சுற்றியது. மறுபடி கடவுச்சொல் கேட்டது. மறுபடி அடித்தாள். மறுபடி கேட்டது.

"அத்தான்..."

"நகரு." கறுப்புத் திரை திறந்தது. "ம்."

"போன மாசம் இவ வந்தப்போ நல்லாத்தானே வேலை செஞ்சுது?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"அப்ப இருந்தது பழைய கார்டு. டப்பா."

"டப்பா வேலை செஞ்சுது. இது செய்யலையே?"

"உனக்குப் புரியாது. கார்டுக்கும் சிஸ்டத்துக்கும் நடுவுல டிரைவர்னு ஒண்ணு இருக்கு. மொழிபெயர்ப்பாளர் மாதிரி. அவன் தப்பாச் சொல்றான். அவனை மாத்தணும்."

"மாத்துங்க!"

"மாத்தணும்னா அதை டவுன்லோட் பண்ணணும்."

"பண்ணுங்க!"

"அதுக்கு நெட் வேணும்."

சமையலறையில் ஒரு பாத்திரம் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கீழே வைக்கப்பட்டது.

மைத்துனி கடிகாரத்தைப் பார்த்தாள். மூலகாரணர் தன் கைபேசியில் உலகத்து லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசும் தளங்களைத் துழாவினார். இதே கார்டு, இதே கோளாறு என்று எங்கோ ஒரு புண்ணியவான் புலம்பியிருந்தான். அவர் விறுவிறுவென்று அந்தப் பக்கத்தின் அடிவரை போனார். கடைசியில் அவனே எழுதியிருந்தான்: 'சரியாகிவிட்டது. எல்லாருக்கும் நன்றி.'

"எப்படிடா சரியாச்சு? அதைச் சொல்ல வேணாமா, படுபாவி! நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கைபேசியைப் பார்த்துக் கத்தினார்.

"அத்தான், இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. அழைப்பு வந்துடும்," என்றாள் மைத்துனி. "இதுவும் போச்சுன்னா நான் அவர்கிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல அக்கா. இனிமே வீட்டோட இருன்னு இப்பவே சொல்ல ஆரம்பிச்சிட்டார்."

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என் போன்லேருந்து ஹாட்ஸ்பாட் போட்டுத் தரேன், அதுல பேசட்டும்."

"கூடாது! அது சரிபண்றது இல்ல, ஒட்டுப் போடறது. காரணத்தைக் கண்டுபிடிக்காம..."

"காரணத்தை நீங்க சாவகாசமா கண்டுபிடிங்க. அவளுக்கு வேலை வேணும்." மடிக்கணினி அவர் மடியிலிருந்து பிடுங்கப்பட்டது. "அது சரி, ஊரெல்லாம் கேப்பீங்களே, நீங்க எதை மாத்தினீங்க?"

"நான் ஒண்ணும் மாத்தல," என்றார் மூலகாரணர். கார்டு, இயங்குதளம் இரண்டும் போக, அது உண்மைதான்.

மனைவியின் கைபேசியோடு மடிக்கணினி முதல் தட்டலிலேயே ஒட்டிக்கொண்டது. அக்காவும் தங்கையும் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

கூடத்தில் அவர் தனியாக நின்றார். கையில் திருப்புளி மட்டும் இருந்தது. மூலகாரணர்களுக்கு என்ன குறை இருந்தாலும், தர்க்கம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மனைவியின் கைபேசியோடு சேர்கிறது என்றால் கார்டு நல்ல கார்டு. டிரைவர் நல்ல டிரைவர். லினக்ஸ் நல்ல லினக்ஸ். அப்படியானால்... அவர் கண்கள் மெதுவாகத் திரும்பி, அலமாரியின் மேல் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்த ரவுட்டரில் போய் நின்றன. இந்த வீட்டின் ரவுட்டர். அவர் ஒருவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாத ரவுட்டர்.

அறைக்குள்ளிருந்து குரல் கேட்டது. "ஹலோ... கேக்குதா சார்? மாடிப்படியோட வரைபடம்... சார், கேக்குதா?" கைபேசி சிக்னல் அந்த அறையில் எப்போதும் நோஞ்சான். "உடைஞ்சு உடைஞ்சு வருதா? மன்னிக்கணும் சார், ஒரு நிமிஷம்..." அந்தக் குரல் அழுகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தது.

மூலகாரணர் ஓடிப்போய்த் தன் கணினியில் ரவுட்டரின் பதிவேட்டைத் திறந்தார். அங்கே அது உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்தது. தெரியாத கருவி ஒன்று வந்தது, திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தது, மறுபடி திருப்பி அனுப்பினேன்.

மாடிவீட்டுப் பையன் வைஃபையைத் திருடுகிறான் என்று அவருக்கு ஒரு சமயம் சந்தேகம் வந்தது. அப்போது அவரே ஒரு காவல் போட்டார். ஒவ்வொரு வைஃபை கார்டுக்கும் பிறவியிலேயே ஓர் எண் உண்டு. அவர் தன் கையால் பதிந்த எண்ணுக்கு மட்டும்தான் இந்த வீட்டில் இடம். கடவுச்சொல்லைச் சரியாகச் சொன்னாலும் எண் புதிது என்றால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். மைத்துனியின் பழைய கார்டு பதிவான கார்டு, குடும்பத்தில் ஒருத்தி. அதைப் பிடுங்கிவிட்டு அந்நியன் ஒருவனை உள்ளே வைத்து மூடியவர் யார்?

அவர் "ம்" சொல்லவில்லை. "ஓஹோ"வும் வரவில்லை. புது எண்ணைக் காவல் பட்டியலில் சேர்த்தார்.

உள்ளே கைபேசித் தொடர்பு கடைசியாக ஒரு தடவை முனகிவிட்டு அறுந்தது. மடிக்கணினி, முன்பு தட்டித் தட்டி அலுத்துப்போன வீட்டு வைஃபையின் கதவை மீண்டும் ஒரு தடவை தட்டிப் பார்த்தது. கதவு திறந்தது.

"இப்போ தெளிவா இருக்கா சார்? ரொம்ப நன்றி. அந்த மாடிப்படி... ஆமாம் சார், திருப்பத்துல தூணைத் தள்ளி வெச்சேன்..."

மூலகாரணர் கூடத்துச் சோபாவில் மெல்ல உட்கார்ந்தார்.

நேர்காணல் முடிந்து கதவு திறந்தபோது மைத்துனி அழுதுகொண்டே சிரித்தாள். "அடுத்த வாரமே சேர முடியுமான்னு கேட்டாங்க அக்கா! அத்தான், நடுவுல படம் அப்படியே உறைஞ்சு போச்சு, அவ்வளவுதான் வேலை போச்சுன்னு நினைச்சேன். திடீர்னு கண்ணாடி மாதிரி வந்துச்சு. வீட்டு வைஃபைதான் வந்திருக்கு. நீங்கதானே? என்ன பண்ணீங்க?"

மனைவி அவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போகிறவள் அவள். இன்று நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, "சொல்லுங்க. என்னதான் காரணம்? முழுசா கேக்கறேன்," என்றாள்.

ஒரு மூலகாரணருக்கு வாழ்க்கையில் இதற்குமேல் என்ன வேண்டும்? கேட்க இரண்டு பேர், சொல்லத் தெளிவான, சந்தேகத்துக்கே இடமில்லாத, அடிமுதல் நுனிவரை முழுசான ஒரு காரணம். அவர் வாய் திறந்தது. மூடியது.

சிரிக்காதீர்கள், வாசகரே. போன வாரம் உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் தானாகவே சரியாகிவிட்டது என்று சொன்னீர்களே, அதைக் கெடுத்தது யார் என்று உங்கள் வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது, இல்லையா? நல்லது. அப்படியே இருக்கட்டும்.

"ஒண்ணுமில்ல," என்றார் மூலகாரணர், திருப்புளியைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டே. "ரவுட்டரை ஒரு தடவை அணைச்சுப் போட்டேன். சரியாயிடுச்சு."