வலையில்லா வாலிபால்

பல்கலைக்கழகத்து வாலிபால் மாஸ்டர் கேட்டது ஒரே ஒரு வலை. இருந்த வலையில் ஒரு பூசணிக்காய் நுழைகிற ஓட்டை. பந்து மேலே போனதா, ஊடே போனதா என்று தினம் பஞ்சாயத்து. ஒன்பது வருஷமாக அவர் பிள்ளைகள் வெளியே ஒரு ஆட்டமும் ஜெயித்ததில்லை. ஓய்வு பெறுவதற்குள் ஒரு கோப்பையைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டுமென்று மனுஷனுக்கு அப்படியொரு ஆசை!

விண்ணப்பத்தை மேலிடம் கனிவுடன் பரிசீலித்தது. வலை வரவில்லை, 'கைப்பந்து கற்பித்தல் மேம்பாட்டு உயர்மட்டக் குழு' வந்தது. அதன் தலைவர் 'பிழையில்லாக் கல்வி' பற்றிய கருத்தரங்கு ஒன்றில் மூன்று நாள் உட்கார்ந்து எழுந்தவர். பந்தைத் தொட்ட பாவம் அவருக்கு இல்லை. மைதானத்தோரம் நாற்காலி போட்டு, படிவத்தில் கோடு கோடாகக் கிழித்தார்.

"மாஸ்டர், பசங்க செஞ்ச பிழை நானூறு. அதுல முந்நூறு எங்க நடந்துச்சு தெரியுமா? வலையில!"

"அதான் சார், புது வலை..."

"பிழைக்குக் காரணமானதையே புதுசா வாங்கித் தரணுமா? கழட்டுங்க அதை!"

"ஐயையோ, வலை இல்லாம வாலிபால் எப்படி சார்?"

"நீங்க இன்னும் பழைய காலத்துலயே இருக்கீங்க."

கழற்றினார்கள். மறுவாரமே தேர்ச்சி நூறு சதவீதம். மாஸ்டருக்குப் பாராட்டுச் சான்றிதழ்கூட வந்தது. அவர்தான் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தார்.

அடுத்த வருஷம் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் ஆட்டம். அங்கே புத்தம்புது வலை விறைப்பாக நின்றது. புதிதாகச் சேர்ந்த அணித்தலைவி மாஸ்டரின் காதைக் கடித்தாள்.

"மாஸ்டர், ஆட்டம் ஆரம்பிக்கும்போது இதை எடுத்துடுவாங்கல்ல?"

மூன்று செட்டும் போச்சு. மாஸ்டர் பேருந்தில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார்.

குழு கூடி ஆராய்ந்தது: 'தோல்விக்கு எதிரணியின் வலையே காரணம்.' எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் வலையைக் கழற்ற உத்தரவு பறந்தது. புதிய முறையின் முன்னோடி என்று நம் மாஸ்டரையே அதற்கு மேம்பாட்டு அதிகாரி ஆக்கினார்கள். குளுகுளு அறை, சுழல் நாற்காலி, வாசலில் மணி அடித்தால் ஓடிவர ஆள்.

அன்று ஜெயித்த அணியின் மாஸ்டர் ஒரு நாள், மடித்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"சார், நல்ல வலை, ஒரு கிழிசல் இல்ல. தூக்கிப்போட மனசு வரல. நீங்களாவது வச்சுப் பசங்களுக்குக் கத்துக்கொடுங்க."

பத்து வருஷமாகக் கேட்ட வலை! அதிகாரி அதை ஆசையாகத் தடவிப் பார்த்தார். கண்கூடக் கலங்கியது. அப்புறம் நாற்காலியில் சாய்ந்து, அரை வட்டம் சுழன்றார்.

"நீங்க இன்னும் பழைய காலத்துலயே இருக்கீங்க, மாஸ்டர்."