அப்பீல் சாமியின் மத்தியானச் சண்டை

பூலோகத்தில் ‘முடியாது’ என்ற சொல்லைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வீடு திரும்பாத ஒரே மனிதர் எங்கள் அப்பீல் சாமிதான். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் எனக்கு எதிர்வீட்டுக்காரர். பெற்றோர் வைத்த பெயர் ஆதார் கார்டில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை.

கிழக்கேகோட்டையில் ஆட்டோக்காரர் “போவில்ல சாமி” என்றால் நாமெல்லாம் அடுத்த ஆட்டோவைப் பார்ப்போம். இவர் நகரமாட்டார். “போகண்டா. காரணம் பறஞ்ஞா மதி!” என்று, வர வேண்டாம், காரணம் சொன்னால் போதும் என்று மலையாளத்தில் சொல்லிக்கொண்டு நிற்பார். காரணம் சொல்லித் தொண்டை வறண்ட ஆட்டோக்காரர் கடைசியில் ஏற்றிக்கொண்டுவிடுவார். கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவைப் பாயசம் தன் இலையைத் தாண்டிப் போனதற்கு, பரிமாறியவரை விட்டுவிட்டுச் சம்பந்தி வீட்டாரிடமே முறையிட்டவர்.

அவருடைய கல்யாணமே அப்பீலில் கிடைத்ததுதான். நாற்பத்தைந்து வயதில், மெல்பர்னில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கும் கோமதியைப் பெண் பார்த்தார். கோமதி வேண்டாம் என்றுவிட்டார். இவர் போன் செய்து காரணம் கேட்டார்.

“நீங்க ரொம்பப் பேசறேள்.”

“சரி, என் பக்கத்தையும் கேக்க வேண்டாமா?”

அவர் பக்கத்தைக் கேட்டு முடிக்க ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் கோமதிக்கு அந்தப் பேச்சு பழகிவிட்டது.

கல்யாணம் முடிந்து கோமதி மெல்பர்ன் திரும்பினார். அங்கே வேலை முடித்து அவர் போன் செய்யும்போது இங்கே மத்தியானம் இரண்டு மணி. வீதியே உண்ட மயக்கத்தில் கிடக்கும் நேரம். அப்பீல் சாமி ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்.

“மாத்திரை சாப்ட்டேளா?”

“சாப்ட்டேன்னு நேத்திக்கே சொன்னேனே!”

“அது நேத்து மாத்திரை! நான் கேக்கறது இன்னிக்கு மாத்திரை!”

ஜன்னலை இறுகச் சாத்தினாலும் கேட்கும். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் ஒரு புகார் எழுதினேன்: ‘இத்தம்பதியர் தினமும் மத்தியானம் போடும் சண்டையால் வீதியில் எவராலும் கண்ணயர முடியவில்லை.’ வீதி முழுக்க ஆசையோடு கையெழுத்துப் போட்டது.

அந்தச் சமயத்தில்தான், மனைவியோடு வாழப் போக இவர் கேட்டிருந்த விசாவை மறுத்துவிட்டார்கள். கல்யாணம் உண்மையானதென்று நம்ப முடியவில்லையாம். அதிகாரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட இவர் கோமதியைப் பார்க்கவில்லை. எல்லாப் படத்திலும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு, வெளிச்சம் போதாதென்று போட்டோகிராபரிடம் வாதாடிக்கொண்டிருக்கிறார்.

மேல்முறையீட்டுக்கு ஆதாரம் தேடிக்கொண்டிருந்தவர் கையில், நாங்கள் அவருக்கு அனுப்பிய புகார் கிடைத்தது. படித்த கையோடு ஓடிவந்தார்.

“ஓய், தம்பதியர்னு எழுதியிருக்கீர்! வீதியே சாட்சியாக்கும்! இதை இங்கிலீஷ்ல எழுதி, ஒரு சீலும் வச்சுத் தாரும்.”

வைத்துக் கொடுத்தேன். அனுப்பினார். மேல்முறையீடும் தோற்றது. அக்கம்பக்கத்தார் ஒருவரும் இந்த உறவுக்குச் சாட்சி சொல்லவில்லை என்று காரணம் எழுதியிருந்தார்கள்.

மறுநாள் இரண்டு மணிக்கு எதிர்வீட்டில் சத்தமே இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வீதியில் ஒருத்தருக்கும் தூக்கம் வரவில்லை. என்னவோ ஏதோவென்று போய்ப் பார்த்தேன். போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வேலையை விட்டுட்டு இங்கயே வந்துடறேங்கறா, ஓய். அந்த வேலைக்கு அவ பட்ட பாடு எனக்குத் தெரியும். நான் ஏதாவது சொன்னா அழறா. எனக்கு வாயே வரல்லே.”

அப்பீல் சாமிக்கு வாய் வரவில்லை! எனக்குச் செயலாளருக்குரிய ரோஷம் வந்தது.

“நான் மெனக்கெட்டு எழுதி, வீதியே கையெழுத்துப் போட்ட காகிதம் ஓய்! அதை அவா படிச்சாளா இல்லையா? மொதல்ல அதைக் கேளும்!”

நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுநாள் காலையிலேயே, மெல்பர்னில் மேல்முறையீட்டைக் கவனித்த கோமதியின் வக்கீலைப் போனில் பிடித்தார். வக்கீல் பொறுமையாகச் சொன்னார்: “கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா கல்யாணம் நிஜமா பொய்யான்னு கோர்ட் பார்க்காது. முடிவு எடுத்தவர், பார்க்க வேண்டியதைப் பார்த்து, சட்டப்படி எடுத்தாரான்னு மட்டும்தான் பார்க்கும்.”

வேறு யாராக இருந்தாலும் சோர்ந்திருப்பார்கள். இவர் துள்ளிக் குதித்தார்.

“முப்பது வருஷமா பந்தியில நான் கேக்கறதும் அதானே, ஓய்! பாயசம் விடறதும் விடாததும் உன் இஷ்டம். என் இலையைப் பார்த்தயா இல்லியா?”

வழக்கு நடந்த காலமெல்லாம் இரண்டு மணிச் சண்டை ஜோராக நடந்தது. நாங்களும் நிம்மதியாகத் தூங்கினோம். கடைசியில் நீதிபதி, வீதியின் புகாரைக் கண்ணாலும் பாராமல் எடுத்த முடிவு செல்லாது, மறுபடி பரிசீலியுங்கள் என்றார். பரிசீலித்தார்கள். விசா வந்தது.

விமான நிலையத்தில் பெட்டி எடை கூடுதல் என்றார்கள். “காரணம் பறயூ” என்று ஆரம்பித்தார். இருந்த ஊறுகாய் பாட்டிலை எல்லாம் நான் பிடுங்கிக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே அனுப்பினேன்.

இப்போது மத்தியானத்தில் எங்கள் வீதி சத்தமில்லாமல் கிடக்கிறது. சங்கத்துக்கு வந்த புகார்களில் முழுசாகத் தீர்ந்தது அது ஒன்றுதான். ஆனாலும் இரண்டு மணிக்கு நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.