பல் டாக்டர் புரோகிராமில் உன் மகள் கண்ட ஓட்டைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் மனைவியும் சுகம். நீயும் அத்தானும் சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்கள் மகள்தான் இங்கே இருக்கிறாளே! தயவுசெய்து அவளைச் சீக்கிரம் திருப்பி அழைத்துக்கொள்.

பல் டாக்டருக்கு நான் எழுதிக் கொடுத்த புரோகிராம் உனக்குத் தெரியும். நோயாளிகளின் பெயர், வரவேண்டிய நேரம், சொத்தைப் பல் எல்லாம் அதற்குள்தான். என் குடும்பம் ஓடுவதும் அதனால்தான். லீவுக்கு வந்தவள் சும்மா இராமல், "மாமா, உங்க புரோகிராமை ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பார்க்கட்டுமா? திருடன் நுழையற மாதிரி எங்க ஓட்டை இருக்குன்னு அதுவே சொல்லிடும்" என்றாள். நானும் பெருந்தன்மையாக, 'கடைசி', 'கடைசி புதுசு', 'நிஜமாகவே கடைசி' என்று அதே புரோகிராமை மாற்றி மாற்றிச் சேமித்து வைத்திருக்கும் ஃபோல்டர்களில் கைக்கு வந்த ஒன்றைத் திறந்து கொடுத்தேன். திரை முழுக்கச் சிவப்பு! ஓட்டைக்கு ஒரு சிவப்பாம். பாஸ்வேர்டைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறேனாம். வெளியே வைத்தால் தொலைந்துவிடாதா? அடுத்து, நோயாளியின் பெயர் கேட்கும் கட்டத்தில் புள்ளியும் கோடுமாக எதையோ தட்டினாள்; ஊரிலுள்ள சொத்தைப் பல் அத்தனையும் திரையில் வந்து நின்றது. "எந்த அப்பா அம்மா இப்படிப் பேர் வைப்பாங்க?" என்றேன். "அவங்க வைக்கமாட்டாங்க மாமா, திருடன் வைப்பான்" என்றாள்.

இதற்கிடையில் பல் காட்டப் போன என் மனைவி, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே டாக்டரிடம் அத்தனையும் சொல்லிவிட்டாள். அவர் போன் செய்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள ரிப்போர்ட்ல சிவப்பே இருக்கக்கூடாது. இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்றார். 'இந்த வரியைப் பார்க்காதே' என்று குறித்துவிட்டால் ஸ்கேன் அதைத் தாண்டிப் போய்விடும் என்று கண்டுபிடித்து, வரிக்கு வரி குறித்தேன். ஒரே பச்சை! உன் மகள் எட்டிப் பார்த்தாள். "டாக்டர்கிட்ட போய் வாயைத் திறக்கமாட்டேன்னா பல்லு சரியாயிடுமா மாமா?"

பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஓட்டையாக என்னையே அடைக்க வைத்தாள். சோறு தண்ணி மறந்துபோனது. நேற்று நிஜமான பச்சை வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் கை குலுக்கினார். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் இவளோடு இன்னும் ஒரு நாள் இருந்தால் எனக்கு மிச்சமிருக்கும் முடியும் கொட்டிவிடும். நாளைக் காலையில் பஸ் ஏற்றிவிடுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். மூட்டு வலிக்கு எண்ணெய் தடவிக்கொள்.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: பஸ் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். நாங்கள் ஓட்டை அடைத்தது 'கடைசி புதுசு'. டாக்டரிடம் ஓடிக்கொண்டிருப்பது 'நிஜமாகவே கடைசி'. இது உன் மகளுக்கு இன்னும் தெரியாது. அவளுக்குப் பிடித்ததாகப் பார்த்துச் சமைக்க என் மனைவியிடம் சொல்லிவிட்டு, பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.