லிவர் பொடிக்காரரின் மஞ்சள் கண்

செவ்வாய்க்கிழமை காலை சரவணமுத்து கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் கடையைத் திறந்தார்.

திருச்செங்கோட்டில் அவருடையது நாட்டு மருந்துக் கடை. கீழாநெல்லி, கரிசலாங்கண்ணியோடு இன்னும் ஆறேழு சரக்கைச் சேர்த்து அவரே அரைக்கும் லிவர் பொடிக்குத்தான் கடையில் பேர். தானும் தினம் ஒரு ஸ்பூன் போடுகிறவர். அப்படிப்பட்டவருக்கே கண் மஞ்சளாகிவிட்டது.

"கண்ணுக்கு என்னங்க?" என்றார் முதலில் வந்தவர்.

"கண்வலிங்க."

நீட்டிய கையை அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஒட்டிக்குமுங்களே!" என்று வண்டியைக் கிளப்பினார். மத்தியானத்துக்குள் சேதி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டது. கடைப்பக்கம் ஒருவரும் வரவில்லை.

சரவணமுத்து ஒரு ஸ்பூனை மூன்றாக்கினார்.

வெள்ளிக்கிழமை உள்ளங்கையும் மஞ்சள். உடம்பெல்லாம் அரிப்பு. சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. மனைவி ரஞ்சிதா கண்ணாடியைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தாள்.

"எத்தன நாளா குடிக்கிறீங்க?"

"பொடியா?"

"சாராயம்!"

"எங்கப்பன் சத்தியமா தொட்டதில்ல புள்ள."

"குடிக்காத மனுசனுக்கு ஈரல் எப்புடிங்க கெடும்? அதும் ஊருக்கே ஈரலுக்கு மருந்து குடுக்கறவருக்கு!"

சாயங்காலம் ரஞ்சிதாவின் அண்ணன் வந்து வாயை ஊதச் சொன்னார். ஊதினார். பொடி வாசம்தான் வந்தது.

"பாத்தியா ரஞ்சிதா? சாராய வாசம் தெரியக் கூடாதுன்னு மேல பொடியப் போட்டிருக்காரு."

ரஞ்சிதா அழ ஆரம்பித்தாள்.

உள்ளூரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தெரிந்த முகம். மறுநாள் சேலத்துக்கு பஸ் ஏறி, ஃபேர்லேண்ட்ஸில் ஒரு லிவர் டாக்டரைத் தேடிப் பிடித்தார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ரிப்போர்ட்டுகளை இரண்டு தரம் புரட்டினார்.

"வைரஸ் இல்லை. கல்லும் இல்லை. குடிக்கறதில்லைன்னும் சொல்றீங்க. வேற என்ன சாப்பிடறீங்க?"

சரவணமுத்து தயங்கித் தயங்கிப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார்.

"இதுதான் வேலையைக் காட்டியிருக்கணும். இனிமேல் தொடாதீங்க. எந்த முட்டாள் கொடுத்தான்?"

"தெரிஞ்சவருங்க."

"அந்த ஆளைச் சும்மா விடாதீங்க. இன்னும் எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கானோ!"

"ஆமாங்க" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பன்னிரண்டு வருஷமாகப் பொடி வாங்கியவர்களெல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்து நின்றார்கள். போன தையில் செத்துப்போன ராசப்பன் முகம் வந்ததும் சரவணமுத்துவுக்கு வேர்த்துவிட்டது. ராசப்பன் செத்தது லாரியில் அடிபட்டு என்பது நினைவுக்கு வருவதற்குள் மல்லசமுத்திரம் தாண்டிவிட்டது. அப்போதும் மனசு ஆறவில்லை.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே முத்தாயம்மாளின் கோழிப்பண்ணைக்குப் போனார். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த அம்மாளுக்கு மஞ்சள் காமாலை வந்து குணமானதைத்தான் கடை வாசலில் பிளெக்ஸ் அடித்து மாட்டியிருந்தார். இன்றைக்கும் மாசாமாசம் பொடி வாங்குகிறவர்.

முட்டை அடுக்கிக்கொண்டிருந்த முத்தாயம்மாளின் எதிரில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தரையிலேயே உட்கார்ந்து தேம்பினார்.

"அக்கா, அந்தப் பொடி வேண்டாங்க்கா. அது விசம். என்னையப் பாருங்க. உங்க ஈரல் என்ன கதியாச்சோ தெரியல. என் தண்டனைய நீங்களே சொல்லுங்க. இந்தச் சுத்துவட்டாரம் பூராவையும் நான் கெடுத்துப்போட்டனுங்க்கா!"

முத்தாயம்மாள் முட்டை அட்டையை இறக்கிவைத்துவிட்டு, அவருடைய மஞ்சள் கண்களைக் குனிந்து பார்த்தார்.

"அழுவாத சாமி. எங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆவல. எனக்கு நல்லானது ஆஸ்பத்திரி மாத்திரையில. உம்மனசு நோவக் கூடாதேன்னு வாங்கறது, ஊட்டுக்கு வந்ததும் குப்பையில கொட்டறது. இந்தப் பக்கம் எல்லாரும் அப்புடித்தான்."

பிறகு நம்ப முடியாதவராகக் கேட்டார்.

"ஏஞ் சாமி, நீ அத நெசமாவே தின்னியா?"