சித்தப்பா பெயரில் ஒரு லைக்கன்

புதிதாக ஒன்றைப் படித்து முடித்தவர்களோடு வெளியே போகக் கூடாது. படித்ததைத் தவிர வேறெதுவும் அவர்கள் கண்ணில் படாது. எனக்கு அது லைக்கன். பாசியும் பூஞ்சையும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர். அதிலும் மரப்பட்டையோடு ஒட்டிக்கிடக்கும் பொருக்கு வகைமேல் எனக்குப் பைத்தியம். (அம்மா அதைச் சொறி என்பாள்.)

எம்.எஸ்சி. முடித்து ஆராய்ச்சிக்கு வழிகாட்டி தேடிக்கொண்டிருந்தேன். மெயின்லேண்டிலிருந்து ஒரு மேடம் எங்கள் தீவுகளில் ஒன்றான லாங் ஐலண்டுக்கு வருவதாகவும், எனக்கு வகை பிரிக்கத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அங்கே முனியாண்டிச் சித்தப்பா வீடு இருந்தது. முன்கூட்டியே போட் பிடித்துப் போய் இறங்கினேன்.

கொல்லைப் பாக்கு மரத்தில் அதைக் கண்டேன். வெள்ளைப் பொருக்கு, மேலே செம்பழுப்புப் புள்ளிகள். புத்தகத்தில் இருந்த எதனோடும் பொருந்தவில்லை. (சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பெருமைதான் வந்தது.) இந்த வகைகளில் ஒரு சொட்டு மருந்து விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். விட்டேன். சிவந்தது. புது இனமேதான் என்று முடிவுகட்டி, சோறு போட்ட நன்றிக்குச் சித்தப்பா பெயரையே வைப்பதாக வாக்குக் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் போட் நிற்கும் ஜெட்டி வரை செய்தி போய்விட்டது.

மேடம் வந்தார். அக்கம்பக்கத்தாரும் வந்தார்கள். சித்தப்பா சலவைச் சட்டை போட்டு, வாய் நிறைய வெற்றிலையோடு, மரத்தருகே மாப்பிள்ளை மாதிரி நின்றார். மேடம் லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

சித்தப்பாவுக்கு வெற்றிலையில் காரம் போதவில்லை போலும். டப்பாவைத் திறந்து சுண்ணாம்பை எடுத்து நாக்கில் தடவினார். விரலில் மிஞ்சியதைப் பல வருடப் பழக்கத்தில், மேடம் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி, அதே மரத்தில் இழுகினார்.

என் புது இனம் எல்லார் கண்முன்னும் குட்டி போட்டது.

மேடம் நிதானமாக, "அந்தச் செம்புள்ளி?" என்று கேட்டார்.

"நான் பேசுறப்ப தெறிச்சிருக்கும் மேடம்," என்றார் சித்தப்பா. "தோடா தோடா. கொஞ்சூண்டுதான்."

மேடம் என் பக்கம் திரும்பி, "நகத்தால சுரண்டிப் பாத்தியாம்மா?" என்றார். பார்க்கவில்லை. புது இனத்தை யாராவது சுரண்டுவார்களா? அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது. அந்த வருடம் அவர் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் போய்க் கேட்டபோது, முதலில் என் நகத்தைத்தான் பார்த்தார்.

இன்றும் குடும்பக் கல்யாணங்களில் வெற்றிலைத் தட்டு வந்தால், யாராவது சுண்ணாம்பு விரலை என் முகத்துக்கு நேரே நீட்டி இது என்ன இனம் என்று கேட்பார்கள். நான் வாய் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொள்வார்.

"அது என் பேருல இருக்கு. வாசுகி வாக்குக் குடுத்துருக்கா."